தாண்டிப் படித்த வரிகள்

என் வயதுக்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நம் காலத்தில் கடிதம் வந்தால் வீட்டில் ஒருவர் படிப்பார், மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். படிக்கத் தெரிந்தவரின் வாயை நம்பித்தான் மற்றவர்கள் இருந்தார்கள். எங்கள் வீட்டில் ஒரு வருஷம் அந்த வாய் என்னுடையதாக இருந்தது. அதைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை, என் வீட்டுக்காரரிடம்கூட. அவர் போய் நாலு வருஷமாகிறது. இனி யாருக்குப் பயந்து என்ன?

எங்கள் ஊர் தாராபுரத்துக்கு ஏழெட்டு மைலில், அமராவதிக் கரையில் இருந்தது. அப்பா பருத்தி மண்டி வைத்திருந்தார். எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி, எதிர்ச்சாரியில் சர்ச். வெள்ளைக்காரர் காலத்தில் கட்டியது. கருங்கல் சுவர், தேக்குக் கதவு, முன்னால் ஐந்து வேப்பமரங்கள். எங்கள் தெருவில் கிறிஸ்தவர் குடும்பம் ஒன்றுகூடக் கிடையாது. அவர்கள் சர்ச்சுக்குப் பின்னால் இருந்த காலனியிலும் சுற்றுக் கிராமங்களிலும் இருந்தார்கள். தெருக்காரர்கள் அதை மாதாகோயில் என்பார்கள். உள்ளே மாதா சிலையே இல்லையென்று சர்ச்சுக்காரர்கள் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள்.

சாமி கும்பிடப் போகாவிட்டாலும், அந்தச் சர்ச் இல்லாமல் எங்கள் தெருவுக்குப் பொழுது விடியாது. காலை ஆறுக்கு அங்கே மணி அடித்தால் அம்மா அடுப்புப் பற்றவைப்பாள். மண்டிக்கு வரும் பாரவண்டி மாடுகளை அந்த வேப்பமர நிழலில்தான் கட்டுவார்கள். கொத்துமல்லியும் மிளகாயும் சர்ச் வாசலில் காயும். சித்திரை வைகாசியில் தெருக் கிணறுகள் வற்றிப்போனால் சர்ச் கிணற்றில்தான் எல்லோரும் சேந்துவோம். காலனி ஆட்கள் எங்கள் தெருக் கிணற்றுப் பக்கம் வர முடியாது. ஆனால் அவர்கள் சேந்தும் கிணற்றில் நாங்கள் போய் வரிசையில் நிற்பதில் எங்களுக்குக் கூச்சம் ஒன்றும் இருந்ததில்லை. இப்போது நினைத்தால் உறைக்கிறது. அன்றைக்கு உறைக்கவில்லை.

விளைச்சலுக்கு நன்றி சொல்லிச் சர்ச்சில் நடத்தும் அறுப்புப் பண்டிகைக்கு அப்பா மண்டி வண்டியைச் சும்மா கொடுத்தனுப்புவார். தெருவிலிருந்து பூசணி, வாழைத்தார், கம்பங்கதிர் என்று போகும். ஒரு வருஷம் எங்கள் வீட்டுப் பூசணிக்காயைப் பீடத்துக்கு நேர் முன்னால் வைத்திருந்தார்கள். அம்மா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, அந்தப் பெரிய காய் நம்முடையது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வந்தாள்.

நான் சொல்ல வந்தது ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷத்தைப் பற்றி. ஐம்பதுகளின் கடைசி.

அந்த ஆடி மாதம் சர்ச் தாழ்வாரத்தில் பெண்களுக்குத் தையல் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று தெருவில் பேச்சு வந்தது. சொல்லிக் கொடுத்தவரைத் தெருவே பைபிளம்மா என்றுதான் அழைக்கும். சர்ச்சில் சம்பளத்துக்கு வைத்திருந்த விதவை. நாற்பது, நாற்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை, தோளில் துணிப்பை. அம்மா மட்டும் அவரை டீச்சரம்மா என்பாள். வாரத்தில் இரண்டு நாள் மத்தியானம் ஏழெட்டுப் பெண்கள் போனார்கள். அம்மாவும் கேட்டாள். எனக்குப் பிறகு இரண்டு குழந்தைகள் பிறந்து தங்கவில்லை. அவள் மனசு வேறு பக்கம் திரும்பட்டும் என்று அப்பா சரி என்றுவிட்டார். வேதம் சொன்னால் மட்டும் எழுந்து வந்துவிடு என்று சொல்லி அனுப்பினார்.

பைபிளம்மா வேதமும் கொஞ்சம் சொன்னார், இல்லையென்று சொல்ல மாட்டேன். வகுப்பு முடியும்போது ஒரு பாட்டு, சின்னதாக ஒரு ஜெபம். பெண்கள் கொட்டாவி விட்டுக்கொண்டு கேட்பார்கள். ஆனால் தையல் முடிந்ததும் அவர் சிலேட்டுகளை எடுத்து வைப்பார். அது வீடுகளில் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். என் பள்ளிக்கூடம் அதே காம்பவுண்டுக்குள் இருந்ததால், விட்டதும் நேரே தாழ்வாரத்துக்குப் போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். அங்கே பதித்திருந்த கல் வெயில் காலத்திலும் சில்லென்றிருக்கும். உள்ளேயிருந்து வௌவால் வாடையும் பெஞ்சுகளின் வார்னிஷ் வாடையும் கலந்து வரும். அம்மா 'ழ' எழுதப் பட்ட பாடு இன்னும் கண்ணில் நிற்கிறது. பல்லால் உதட்டைக் கடித்துக்கொண்டு, சுழித்துச் சுழித்து, கடைசியில் அழித்துவிடுவாள். நான் சிரிப்பேன். எனக்குத் தெரிந்தது அம்மாவுக்குத் தெரியவில்லை என்பது அந்த வயதில் பெரிய பெருமை.

ஐப்பசி பிறந்தபோது அம்மாவுக்கு ஐந்து மாதம். அப்போதுதான் முதல் கடிதம் வந்தது.

அம்மாவுக்கு ஒரே தங்கை. என் சின்னம்மா. வெள்ளகோவில் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார்கள். இருமல் நிற்காமல், கடைசியில் காசநோய் என்று கண்டுபிடித்து, அவளைப் பெருந்துறை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். சேர்த்ததோடு சரி, கட்டினவன் வீட்டார் அந்தப் பக்கம் அதிகம் போகவில்லை. சின்னம்மாவுக்கும் எழுதத் தெரியாது. பக்கத்துக் கட்டிலில் இருந்த ஒரு பெண் அவள் சொல்லச் சொல்ல எழுதியிருந்தாள்.

தபால்காரர் எல்லாக் கடிதத்தையும் மண்டியில்தான் கொடுப்பார். அப்பா அன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தபோது என்னை மட்டும் கைகாட்டிப் பின்கட்டுக்குக் கூப்பிட்டார். கடிதத்தில் சில வரிகளின் ஓரத்தில் ஊதாப் பென்சிலால் புள்ளி வைத்திருந்தார். மண்டியில் மூட்டைக்கு எண் போடும் பென்சில் அது, நாக்கில் தொட்டு எழுதினால் ஊதாவாக விழும்.

"அம்மா உன்னையத்தான் படிக்கச் சொல்லுவா கண்ணு. புள்ளி வெச்ச வரியை மட்டும் உட்டுப்போட்டுப் படி. அவ இப்ப வவுத்துல புள்ளையோட இருக்கறா. தெரிஞ்சா பொறப்பட்டுப் போயிருவா. அந்தச் சீக்குக்காரங்க மத்தியில போயி ஒண்ணு ஆச்சுன்னா?"

அவர் குரல் தணிந்திருந்தது. இரண்டு குழந்தைகளையும் தன் கையாலேயே குழிக்குள் வைத்தவர் அவர். அவர் பயம் பொய்யில்லை. அதை இன்றைக்கும் சொல்வேன்.

அம்மா கூடத்தில் தூணில் சாய்ந்து உட்கார்ந்து கேட்டாள். ஆஸ்பத்திரியில் பால், முட்டை கொடுக்கிறார்கள், இடம் காற்றோட்டமாக இருக்கிறது, பக்கத்துக் கட்டில் பெண் நல்லவள் என்றெல்லாம் படித்தேன். ராத்திரியில் ரத்தம் வருகிறது என்பதைத் தாண்டினேன். அக்கா ஒரு நடை வந்து போகட்டும் என்பதைத் தாண்டினேன்.

"அவ்வளவுதானா கண்ணு?"

"அவ்வளவுதானுங்கம்மா."

எங்கேயும் தட்டாமல், நிறுத்தாமல் படித்துவிட்டேன் என்று அப்பா சாயந்திரம் என் தலையைத் தடவினார். மறுநாள் தாராபுரத்திலிருந்து ரோஸ் ரிப்பன் வாங்கி வந்தார். எனக்குப் பயமும் இல்லை, சங்கடமும் இல்லை. பெரியவர்கள் காரியத்தில் எனக்கும் ஒரு பங்கு கிடைத்த சந்தோஷம்தான். இதுதான் எனக்கு இன்னும் தாங்க முடியாதது.

கார்த்திகையில் இன்னொரு கடிதம். மார்கழி தொடக்கத்தில் இன்னொன்று. ஒவ்வொன்றிலும் புள்ளிகள் கூடிக்கொண்டே போயின. மூன்றாவதில் படிப்பதற்கு மிஞ்சியதே நாலைந்து வரிதான். குறைவாக இருக்கிறதே என்று அம்மா கேட்டுவிடுவாளோ என்று, சின்னம்மா பொங்கலுக்கு வீட்டுக்கு வந்துவிடுவாளாம் என்று நானாகவே ஒரு வரி சேர்த்தேன். அதை அப்பா சொல்லித் தரவில்லை. அம்மாவுக்கு முகமெல்லாம் பூரித்துப்போயிற்று. கடிதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சமையலறைச் சுவரில் இருந்த கம்பியில் மற்ற இரண்டோடு குத்தி வைத்தாள்.

இதற்குள் தாழ்வாரத்தில் அம்மா அச்செழுத்தைத் தட்டுத் தடுமாறிப் படிக்கத் தொடங்கியிருந்தாள். அச்சு வந்துவிட்டது, இனிக் கையெழுத்துப் பழக வேண்டும், வீட்டில் ஏதாவது கடிதம் இருந்தால் எடுத்து வாருங்கள் என்று பைபிளம்மா பெண்களிடம் சொன்னாராம். எனக்கு அது தெரியாது.

அன்றைக்குப் பள்ளிக்கூடம் விட்டுத் தாழ்வாரத்துக்குப் போனேன். மற்றப் பெண்கள் புறப்பட்டுப் போயிருந்தார்கள். அம்மா கல்லில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் மூன்றாவது கடிதம். தங்கச்சி சொன்னதைத் தன் வாயால் சொல்லிப் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான் அவளுக்கு. சந்தேகம் என்று ஒன்று அவள் மனசில் இருக்கவே இல்லை. வீட்டுக்குப் போகலாம் என்று கையைப் பிடித்து இழுத்தேன். எழுத்து நன்றாக இல்லை, வேறு கடிதம் படிக்கலாம் என்றேன். சித்தெ இரு கண்ணு என்று சிரித்துக்கொண்டே என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

விரலை வைத்து, எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்தாள். சேமம் விசாரித்த வரி போயிற்று. அடுத்த வரியில் அவள் விரல் நின்றது.

"அக்-கா… ஒரு… ந-டை…" என்று படித்தவள் தலையைத் தூக்கினாள். "இது 'வந்து'ங்களா, டீச்சரம்மா? நான் தப்பாப் படிக்கறனோ?"

பைபிளம்மா குனிந்து பார்த்தார். "'வந்து'தானுங்க. சரியாத்தான் படிக்கறீங்க. மேல படிங்க."

அம்மா மேலே படித்தாள். எழுந்து நடக்க முடியவில்லை என்று இருந்தது. இரண்டு கடிதம் போட்டும் அக்கா ஏன் வரவில்லை, என் மேல் என்ன கோபம் என்று இருந்தது. அம்மாவின் குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. எழுத்துக் கூட்டுவதில்தான் அவள் கவனமெல்லாம் இருந்தது. பொங்கல் என்ற சொல் எங்காவது வருகிறதா என்று கடைசி வரை தேடிப் பார்த்தாள். பிறகு ஓரத்தில் இருந்த ஊதாப் புள்ளிகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டாள். என்னைப் பார்த்தாள். திட்டுவாள், அடிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் கடிதத்தை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு பைபிளம்மாவைப் பார்த்துத் திரும்பினாள்.

"பெருந்துறைக்கு இப்ப பஸ்ஸு இருக்குங்களா?"

"தாராபுரம் போயி, காங்கயம் வழியா போகோணுமுங்க. ஊட்டுல ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு…"

"சொன்னாப் போக முடியாதுங்க."

பைபிளம்மா கையிலிருந்த சிலேட்டைக் கீழே வைத்தார். அம்மாவின் வயிற்றைப் பார்த்தார். அப்புறம் சிலேட்டுகளை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். குடையை எடுத்தார். ஏழு மாதக்காரியைத் தனியாக அனுப்ப அவருக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான். பாதிரியாரிடம் சொல்லிவிட்டுப் போகவேண்டும் என்றுகூட அந்த அவசரத்தில் தோன்றவில்லை. அம்மா என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று.

"அப்பாகிட்டச் சொல்லிப்போடு. நாளைக்கு வந்துருவேன்னு."

நான் உடனே சொல்லவில்லை. வீட்டுக்குப் போய்ச் சமையலறை வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். விளக்கு வைக்கும் நேரத்துக்கு அப்பா வந்து கேட்டபோதுதான், அம்மா பைபிளம்மாவோடு பஸ் ஏறிப் போய்விட்டாள் என்றேன். எங்கே, எதற்கு என்று அவர் கேட்டு நான் சொல்வதற்குள் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். அரை மணி நேரத்தில், மண்டிக்காரர் சம்சாரத்தை வேதத்தில் சேர்க்கக் கூட்டிப் போய்விட்டார்கள் என்று தெரு முழுக்கப் பரவிவிட்டது. பெருந்துறை என்று நான் சொன்ன பிறகும் அந்தப் பேச்சு நிற்கவில்லை. அப்பாவுக்கு உண்மை தெரியும். ஆனால் தங்கச்சியைப் பார்க்கப் போயிருக்கிறாள் என்று அவர் சொன்னால், ஏன் சொல்லாமல் போனாள் என்று அடுத்த கேள்வி வரும். அதனால் அவரும் வாய் திறக்கவில்லை. நாலு பேரோடு சர்ச்சுக்குப் போய்ச் சத்தம் போட்டுவிட்டு வந்தார்.

மறுநாள் மத்தியானம் அம்மா வந்தாள். தெரு பார்த்துக்கொண்டிருக்க நடந்து வந்து, நேராகக் கிணற்றடிக்குப் போய், ஆஸ்பத்திரிச் சீக்கு ஒட்டக்கூடாதென்று கட்டின சேலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். ஈரத்தலையோடு அடுப்பு மூட்டினாள். அப்பா எதிரில் வந்து நின்றார். அவள் அரிசியைக் களைந்து உலையில் போட்டாள்.

அங்கே நடந்ததை ரொம்ப நாள் கழித்து அவள் எதிர்வீட்டு அத்தையிடம் சொன்னபோது கேட்டேன். சின்னம்மாவுக்குப் பேச்சு நின்றுபோயிருந்ததாம். ஆள் தெரிந்திருக்கிறது. அம்மா கையைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாக எண்ணுவதுபோல் தடவிக்கொண்டே இருந்தாளாம். பக்கத்துக் கட்டில் பெண்தான் சொன்னாளாம்: ஐப்பசி, கார்த்திகை எல்லாம் நன்றாக எழுந்து நடமாடிக்கொண்டுதான் இருந்தாள், பார்வையாளர் வரும் நாளில் தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு கேட்டைப் பார்த்தே உட்கார்ந்திருப்பாள் என்று. தை பிறந்து பத்து நாளில் சின்னம்மா போய்விட்டாள்.

அம்மா திரும்பி வந்த மூன்றாம் நாள், சர்ச்சுக்குப் பக்கத்தில் இருந்த பாதிரியார் அறைக்கு என்னைக் கூட்டிப் போனார்கள். அப்பா, தெருப் பெரியவர்கள் இரண்டு பேர், பாதிரியார், ஓரத்தில் பைபிளம்மா. பாதிரியார் நல்ல மனிதர்தான். தெருவோடு பகை வந்துவிடக்கூடாது என்பதுதான் அவர் கவலை. கிணறு, வண்டி, பண்டிகை என்று எல்லாமே ஒன்றோடொன்று பிணைந்திருந்தது. தையல் வகுப்பில் தையல்தான் நடந்ததா என்று பெரியவர்கள் கேட்டார்கள். அம்மா பெருந்துறை போனது ஒரு கடிதத்தால்தான் என்பது மட்டும் அதற்குள் வெளியே வந்திருந்தது. பாதிரியார் என்னை அருகே கூப்பிட்டு, பயப்படாமல் சொல் என்று தட்டிக்கொடுத்தார்.

"அந்தக் கடுதாசியப் படிச்சது யாரு பாப்பா? உங்கம்மாவா, இவங்களா?"

அப்பா என்னைப் பார்த்தார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியும் என்பதே அவருக்கு அதுவரை தெரியாது. நான் என்ன நினைத்தேன் என்று எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அம்மாவே படித்தாள் என்று சொன்னால் அம்மாவை அடிப்பாரோ என்று நினைத்தேன். அது பாதி உண்மை. மறுபாதி, அம்மா படித்தாள் என்றால் அதற்கு முன்னால் படித்தது யார் என்று அடுத்த கேள்வி என்மேல் வந்துவிடும் என்பது.

"இவங்கதானுங்க படிச்சாங்க" என்று பைபிளம்மாவைக் கைகாட்டினேன்.

அவர் என்னையே பார்த்தார். என்னமோ சொல்ல வந்தவர்போல இருந்தது. அப்புறம் பாதிரியாரைப் பார்த்து, "ஆமாங்கய்யா, நான்தான் படிச்சேன்" என்றார்.

அதோடு முடிந்தது. வகுப்பை நிறுத்தினார்கள். ஒரு வாரத்துக்குள் அவரை வெள்ளகோவிலுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு கிராமத்துச் சபைக்கு அனுப்பிவிட்டார்கள். குடையும் பெட்டியுமாக அவர் பஸ்ஸுக்குப் போனபோது அம்மா வாசலில் போய் நின்றாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

வகுப்பை நிறுத்திவிட்டால் தெரு சமாதானமாகிவிடும் என்று பாதிரியார் நினைத்தார். நடந்தது வேறு. நிறுத்தினார்கள் என்றால் அங்கே தப்பு நடந்திருக்கிறது என்றுதான் அர்த்தம் என்று தெரு எடுத்துக்கொண்டது. பெண்களை அந்தப் பக்கம் விடவில்லை. வண்டி மாடுகள் வேறு நிழல் தேடிக்கொண்டன. அடுத்த அறுப்புப் பண்டிகைக்கு எங்கள் தெருவிலிருந்து ஒரு பூசணிக்காய்கூடப் போகவில்லை. கோடையில் தண்ணீருக்கு அரை மைல் நடந்தோமே தவிர, சர்ச் கிணற்றுக்குப் போகவில்லை. எப்போதும் திறந்து கிடந்த கேட்டை அவர்களும் பிறகு பூட்டத் தொடங்கினார்கள். நூறு வருஷமாகத் தெரு நடுவில் இருந்த சர்ச், அப்புறம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் இருப்பதுபோல் ஆகிவிட்டது.

மாசியில் தம்பி பிறந்தான். நாலு கிலோவுக்குக் குறையாமல் கொழுகொழுவென்று இருந்தான். அம்மா பெருந்துறைக்குப் போய் வந்தும் அவனுக்கு ஒரு சளிகூடப் பிடிக்கவில்லை. அப்பா அவனைக் கையில் வாங்கிக்கொண்டு தலை குனிந்தபடி ரொம்ப நேரம் நின்றிருந்தார். அவர் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் அதற்குப் பிறகு அம்மா பேருக்கு வந்த எந்தக் கடிதத்தையும் அவர் பிரித்ததில்லை. மண்டியிலிருந்து கொண்டுவந்து கண்ணாடி மாடத்தில் வைத்துவிட்டுப் போவார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியும் என்று அவர் எப்போது கண்டுகொண்டார், எப்படி ஏற்றுக்கொண்டார் என்பது அவர்கள் இரண்டு பேருக்குள் இருந்த விஷயம்.

அம்மா என்னை ஒரு சொல் திட்டவில்லை. தலை வாரிவிட்டாள், தோசை சுட்டுக் கொடுத்தாள், காய்ச்சல் வந்தால் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். பொட்டலம் கட்டி வந்த காகிதத்தைக்கூட விரித்துப் படிப்பாள். பஸ் போர்டைப் படிப்பாள். எழுத்து விளங்காவிட்டால் தெருவில் போகிற யாரையாவது கூப்பிட்டுக் கேட்பாள். பக்கத்தில் நான் நிற்பேன். என்னிடம் கேட்டதில்லை.

நான் கல்யாணமாகிக் கோயமுத்தூர் வந்தேன். அப்பா காலமாகி, அம்மாவுக்கு ஒரு கண்ணில் புரை விழுந்தபோது நான்தான் அழைத்து வந்து ஆபரேஷன் செய்யவைத்தேன். அப்போதெல்லாம் இரண்டு கண்ணையும் கட்டிவிட்டு ஐந்து நாள் அசையாமல் படுக்கப் போடுவார்கள். இரண்டாம் நாள் தம்பி ஊரிலிருந்து வந்தான். அம்மாவுக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போனான். அனுப்பியவர் விலாசத்தைப் பார்த்தேன். வெள்ளகோவிலுக்குப் பக்கத்து ஊர். பைபிளம்மாவின் பெயர். அத்தனை வருஷமாக அவர்கள் இரண்டு பேரும் எழுதிக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

"உங்களுக்கு லெட்டருங்கம்மா" என்றேன். "படிக்கட்டுங்களா?"

அம்மா கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். உறையை ஒருதரம் தடவிப் பார்த்தாள். தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"இன்னும் மூணு நாள்தானே கண்ணு. கட்டுப் பிரிச்சதும் நானே படிச்சுக்கறேன்."

குரலில் ஒரு கோபமும் இல்லை. சாத்துக்குடி பிழிந்து கொடு என்றாள். பிழிந்து கொடுத்தேன். அந்த மூன்று நாளும் அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் கண் கட்டியிருந்தது, என் முகத்தைப் பார்க்க வேண்டியதுகூட இல்லை. சொல்வதென்றால் அப்போதுதான் சொல்லியிருக்க வேண்டும். பாதிரியார் அறையில் நான் சொன்ன பொய் அவளுக்குத் தெரியுமா, பைபிளம்மா அதை எழுதியிருந்தாரா என்று கேட்டிருக்கலாம். வாய் வரவில்லை.

கட்டைப் பிரித்த அன்றைக்கு, டாக்டர் அந்தப் பக்கம் போனதும் அவள் கடிதத்தை எடுத்தாள். ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, ஆபரேஷன் ஆகாத கண்ணால், உதடு அசைய, மெதுவாகப் படித்தாள். நடுவில் ஓர் இடத்தில் நிறுத்தினாள். மேலே படித்து முடித்துவிட்டு, மடித்து, தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். என்ன எழுதியிருக்கிறது என்று அவள் சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை.